பெட்டியும் ஊமை நானும் ஊமை

டேய் மச்சான்,

சுகமா இருக்கிறியோ, வீட்டில எல்லாரும் சுகமோ. இங்க வழமைதான், வெயில் கொளுத்துது, இரணைமடு வத்திக் கிடக்கு. ஆறு மாசமா ஒரு கதையும் இல்லை எண்டு ஏசாத, நீ டொரண்டோவில இருந்து ஆசையா அனுப்பின சப்வூஃபர், அந்த பேஸ் அடிக்கிற ஸ்பீக்கர் பெட்டி, பாடேல்லை எண்டு எந்த மூஞ்சையோட உனக்கு எழுதுறது?

பூட்டின புதுசில ராசா மாதிரித்தான் இருந்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வான் நிறையச் சனம், முறிகண்டியில தேங்காய் உடைச்சுக் கச்சானும் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டம், மாங்குளம் தாண்டேக்க சவுண்டைக் கொஞ்சம் கூட்டினன், டும் எண்டு ஒரு அடி, அதோட செத்துப்போச்சு. பெட்டிக்குச் சத்தத்தைப் பெருக்கிக் குடுக்கிற அம்பில (அம்ப்ளிஃபையர்) சிவப்பு லைட். குறைச்சா உயிர் வருது, கூட்டினாச் சாகுது. பின் சீற்றில குண்டன் "உன்ர கலியாண வீட்டு ஜெனரேற்றர் திரும்ப வந்திட்டுதடா" எண்டு தொடங்கினவன் வற்றாப்பளை மட்டும் வாய் மூடேல்லை.

கடையில குடுத்தா ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற கம்பிச் சுருள், காயில், எரிஞ்சுபோச்சாம், புதுசு போடட்டாம். எனக்கு மனம் ஒப்பேல்லை. வயரைக் கழட்டி மீற்றரை வைச்சன், 3.4 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது நல்ல கணக்கு, காயில் அறுந்திருந்தா மீற்றர் ஒண்டும் காட்டாது. சுவர் மணிக்கூட்டில இருந்த 1.5 வோல்ட் பற்றறியைத் தொட்டன், ஸ்பீக்கரின்ர முன்பக்கக் கோன் டொக் எண்டு வெளிய வந்துது. கையால மெல்ல அமத்தினா உரசல் சத்தமும் இல்லை. ஸ்பீக்கர் பாவம், ஒரு பிழையும் செய்யேல்லை.

பிறகு கறண்டைப் பாத்தன். பாட்டில்லாமல் எஞ்சின் ஓடேக்க பற்றறியில 14 வோல்ட், அம்பிலயும் கிட்டத்தட்ட அதே. இதுதான் என்னை ரெண்டு கிழமை பேய்க்காட்டினது மச்சான். பாட்டைப் போட்டு பேஸ் அடிக்கேக்க வைச்சாத்தான் கள்ளன் பிடிபட்டான், பற்றறியில 13.8, அம்பில 9.5! பிளஸ் வயரில 0.4தான் விழுது, மிச்சம் 3.9 முழுக்க, அம்பில இருந்து வான் தகரத்துக்குத் திரும்பிப் போற ஏர்த் வயர்ப் பக்கம். மாமரத்துக்குக் கீழ மாஸ்டர் பிரம்போட படிப்பிச்சது ஞாபகம் இருக்கோ, அம்பியரையும் ஓமையும் பெருக்கினா வோல்ட். 30 அம்பியர் இழுக்கேக்க 0.13 ஓம் காணும், 3.9 போச்சு. சும்மா நிக்கேக்க ஆள் நல்லபிள்ளை.

ஏர்த் வயரை சீற் போல்ற்றில, பெயின்ருக்கு மேலயே வைச்சு இறுக்கியிருக்கு, கீழ துருவும் செம்மண் புழுதியும். எந்த விசரன் இப்பிடிப் பூட்டினவன் எண்டு வாய் நிறையப் பேசிப்போட்டுத்தான் ஞாபகம் வந்தது, நான்தான். குண்டனுக்குச் சொல்லிப்போடாத. பெயின்ரைச் சுரண்டி வெள்ளைத் தகரம் தெரிய வைச்சு, புது போல்ற் போட்டு, மேல கிறீஸ் பூசினன். இப்ப 0.2 கூட விழாது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவில பாட்டுக் கேட்ட ஆக்களுக்கு இது பெரிய வேலையோ? நீ மிதிப்பாய், நான் கேப்பன், அந்தக் கடன் இன்னும் இருக்குத்தான்.

ஆனா நான் எழுதினது உதுக்கில்லை. சரிக்கட்டின அண்டைக்கே அம்மாவை ஏத்திக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனன், ஆசையில முழுசாத் திருப்பிவிட்டன். பேஸ் அப்பிடி ஒரு அடி, சீற்றெல்லாம் அதிருது. கண்ணாடியில பாக்கிறன், அம்மா ஒண்டும் சொல்லேல்லை, தலையைக் குனிஞ்சு, ரெண்டு காலையும் சீற்றில தூக்கி மடக்கி வைச்சுக்கொண்டு, ஷெல்லடிக்குப் பங்கருக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கிறா. உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாட்டை நிப்பாட்டினாப் பிறகும் பரந்தன் மட்டும் காலைக் கீழ விடேல்லை.

அம்பை ஓன் பண்ணுற ரிமோட் வயரை வெட்டி டாஷ்போட்டில ஒரு சுவிச் போட்டிருக்கிறன். இப்ப அம்மா ஏறுறதுக்கு முதல் ஓஃப். நீ வரேக்க பேஸ் கூட்டிக் குறைக்கிற அந்தச் சின்னத் திருகி கிடைச்சா ஒண்டு கொண்டு வா, காசு வந்து வாங்கு. குண்டனுக்குச் சொக்லேற்.

உன்ர,
வான்காரன்