நாலரை வண்டு

செங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். சாரல் தொடங்கிப் பத்து நாளாகிறது. துணி காயவில்லை என்று உங்கம்மா காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறாள். நானும் வெளியே போக வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்.

புதன்கிழமை நீ போன் செய்தபோது பேரன் வாங்கி, "தாத்தா, ரெண்டு விடை வந்துச்சு, டீச்சர் ஒண்ண வெட்டிட்டாங்க, ஏன்?" என்று கேட்டான். பின்னாலிருந்து நீ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குக் காதில் விழுந்தது: "தாத்தாகிட்ட கேக்காதடா, 'விதி அப்படி'ன்னு சொல்லிருவாரு." நானும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன். ராத்திரி படுத்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

உன் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு நினைவிருக்கிறதா? நான்தான் வாத்தியார், நான்தான் தாள் திருத்தினவன். √(யா + 7) + 5 = யா என்று ஒரு கணக்கு. (எக்ஸ் என்று எழுத இந்தப் பேனாவுக்கு இன்று மனசில்லை. பழைய கணித மேதை பாஸ்கராச்சாரியார் காலத்தில் தெரியாத எண்ணை 'யாவத் தாவத்', அதாவது 'எவ்வளவோ அவ்வளவு' என்று சொல்லி, அதைச் சுருக்கி 'யா' என்று எழுதினார்கள். நம் பழந்தமிழிலும் 'யா' என்றால் 'எவை' என்கிற கேள்விதான். பொருத்தமாக இருக்கிறது, இருக்கட்டும்.) நீ அழகாகச் செய்திருந்தாய். 5-ஐ அந்தப் பக்கம் தள்ளி, வர்க்கமூலத்தைத் தனியாக நிறுத்தி, இருபுறமும் வர்க்கப்படுத்தி, யா² − 11யா + 18 = 0 என்று கொண்டுவந்து, காரணிப்படுத்தி, விடை 9, 2 என்று எழுதினாய். நான் 2-ஐ வட்டம் போட்டு இரண்டு மதிப்பெண் வெட்டினேன். அன்று ராத்திரி நீ சோற்றுத் தட்டோடு வந்து, "எங்கேப்பா தப்பு பண்ணினேன்? ஒரு வரி காட்டுங்க" என்றாய். "சரிபார்த்து எழுதணும், அதான் விதி" என்று சொல்லிவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். உன் தாளில் தப்பான வரி ஒன்றுகூட இல்லை. அதனால்தான் என்னால் காட்ட முடியவில்லை. புத்தகத்தில் 'சரிபார்க்க' என்று இருந்தது, நானும் அதைச் சொன்னேன். எல்லா வரியும் சரியாக இருந்தும் விடை எப்படித் தப்பாகும் என்று நான் உட்கார்ந்து யோசித்தது அதற்கும் பல வருஷம் கழித்துத்தான்.

இப்போது பார். 3 = −3 என்பது பச்சைப் பொய். இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்து. 9 = 9. பொய் மெய்யாகிவிட்டது! வர்க்கப்படுத்துகிற வேலை குறியை அழித்துவிடுகிறது. மிகை எண் போனாலும் குறை எண் போனாலும் வெளியே வரும்போது ஒரே முகம்தான். அந்த முகத்தை வைத்து, உள்ளே போனது யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆக, நீ √(யா + 7) = யா − 5 என்று எழுதி வர்க்கப்படுத்தினபோது, உனக்குத் தெரியாமல் இன்னொரு சமன்பாடும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது: √(யா + 7) = −(யா − 5). இரண்டையும் வர்க்கப்படுத்தினால் கிடைப்பது அதே யா² − 11யா + 18 = 0. அந்த இருபடிச் சமன்பாட்டுக்கு நீ கேட்டது எது, கேட்காதது எது என்று தெரியாது. இரண்டின் விடையையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடும். 9-ஐ உன் கணக்கில் போட்டுப் பார்: √16 + 5 = 9. சரி. 2-ஐப் போடு: √9 + 5 = 8, ஆனால் வர வேண்டியது 2. இல்லை. அதே 2-ஐ அந்த இன்னொரு சமன்பாட்டில் போடு: இடப்பக்கம் 3, வலப்பக்கம் −(2 − 5), அதுவும் 3. கச்சிதம்! பள்ளிக்கூட வேனில் நம் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து இறங்கின மாதிரி. அதுவும் நல்ல பிள்ளைதான். நம் வீட்டுப் பிள்ளை இல்லை, அவ்வளவுதான்.

பேரன் இங்கே மடக்குவான், தயாராக இரு. "√9 என்றால் −3-ம் தானே, அப்படிப் போட்டால் 2 சரியாக வருதே" என்பான். 9-க்கு வர்க்கமூலங்கள் இரண்டு, அது சரி. ஆனால் √ என்ற குறியைப் போட்டுவிட்டால் அது குறை அல்லாத மூலத்தை மட்டும்தான் குறிக்கும். அப்படி ஓர் ஒப்பந்தம். (அந்தக் குறி 1525-இல் ருடோல்ஃப் என்ற ஜெர்மானியர் புத்தகத்தில் முதலில் அச்சேறியது. தலைக்கு மேலே கோடு இல்லாமல் வெறும் கொக்கியாக இருந்தது.) இந்த ஒப்பந்தம் மனசில் இருந்தால் பாதி வேலை மிச்சம். இடப்பக்கம் குறை எண் ஆகாது என்றால் யா − 5-ம் குறை ஆகக் கூடாது, அதாவது யா 5-க்குக் கீழே வரக் கூடாது. 2 வாசலிலேயே நின்றுவிடும். √யா = −4 என்று ஒரு கணக்கைக் கண்டால் பேனாவை மூடி வைத்துவிடலாம். பிள்ளைகள் அதையும் வர்க்கப்படுத்தி 16 என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போடுவார்கள்.

எனக்கு இது விளங்கியது பாஸ்கரரின் வண்டுக் கணக்கால்தான். 1150-இல் அவர் எழுதிய லீலாவதி என்ற கணக்கு நூலில் இருக்கிறது. லீலாவதி அவர் மகள் என்று ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, கணக்கு வாத்தியாருக்கு மகள் இருந்தால் அந்தக் கதை பிடிக்கத்தான் செய்யும். வண்டுக் கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் மாலதிப் பூவுக்குப் போனது. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் போனது. மிச்சம் ஒரு ஜோடி. ஆண் வண்டு ராத்திரி தாமரைக்குள் அடைபட்டு ரீங்காரம் செய்ய, வெளியே பெண் வண்டு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. மொத்தம் எத்தனை வண்டு?

√(யா/2) + 8யா/9 + 2 = யா. வர்க்கமூலத்தைத் தனியே நிறுத்தினால் √(யா/2) = யா/9 − 2. வர்க்கப்படுத்தி, பின்னத்தை ஒழித்தால் 2யா² − 153யா + 648 = 0. தீர்த்துப் பார், 72 வரும். கூடவே நாலரை வரும். நாலரை வண்டு! முதல் தடவை செய்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அரை வண்டு ஏது என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் √2.25, அதாவது 1.5. வலப்பக்கம் 0.5 − 2, அதாவது −1.5. எண் அதே, குறி மட்டும் நேர் எதிர். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரிந்தது.

அவருடைய பீஜகணிதம் என்ற இன்னொரு நூலில் குரங்குக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நம்ம குற்றாலத்துக்கு எழுதின மாதிரி. கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் 3 குறைத்து, அதன் வர்க்கம் குகைக்குள் போய்விட்டது. ஒன்று மரத்தில் தெரிகிறது. (யா/5 − 3)² + 1 = யா. விடை 50, 5. இரண்டையும் போட்டுப் பார், இரண்டும் சமன்பாட்டுக்குச் சரியாகவே பொருந்தும். ஆனாலும் 5-ஐ அவர் தள்ளினார். ஐந்தில் ஒரு பங்கு 1. அதில் 3 குறைத்தால் −2 குரங்கு. அதை உலகம் ஒப்பாது என்றார். இது வேறு வகை. வண்டுக் கணக்கில் நாலரையைச் சமன்பாடே தள்ளுகிறது. குரங்குக் கணக்கில் சமன்பாடு ஒப்புக்கொண்டதைக் கதை தள்ளுகிறது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'சரிபார்' என்று சொன்னதுதான் நான் செய்த பிழை.

பழைய மீட்டர் கேஜ் ரயிலை வைத்தும் இதைச் சொல்லலாம். 1904-இலிருந்து ஓடியது. புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு மலை ஏறி வரும்போது பின்னாலும் ஓர் எஞ்சின் முட்டித் தள்ளும், நீ ஜன்னலில் தலையை நீட்டி என்னிடம் அடி வாங்குவாய். தூரம் 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கணக்குக்கு 48 என்று வை. வரும்போது வேகம் யா, திரும்பும்போது 8 கூட, மொத்தம் 5 மணி நேரம். 48/யா + 48/(யா + 8) = 5. பகுதிகளை ஒழித்தால் 5யா² − 56யா − 384 = 0. விடை 16, −4.8. இரண்டாவதும் சமன்பாட்டுக்குப் பொருந்துகிறது: −10 + 15 = 5. ஆனால் பத்து மணி நேரம் முன்னாடியே போய்ச் சேருகிற ரயில் நம் பக்கம் ஓடியதில்லை. குரங்கு வகை இது.

பின்னச் சமன்பாட்டில் வண்டு வகையும் வரும். யா/(யா − 3) = 2 + 3/(யா − 3). இருபுறமும் யா − 3-ஆல் பெருக்கினால் யா = 2யா − 3, யா = 3. ஒரே விடை, சுத்தமான வேலை. ஆனால் 3-ஐப் போட்டால் பகுதியில் பூஜ்யம். எதனால் பெருக்கினோமோ அதுவே பூஜ்யம்! 5-ம் 7-ம் ஒன்று என்று சொல்லி இரண்டையும் பூஜ்யத்தால் பெருக்கினால் அதுவும் மெய்யாகிவிடும். வர்க்கத்தில் வந்த அதே நோய். இந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. அதனால் பிள்ளைகளிடம் கடைசியில் மட்டும் சரிபார்க்கச் சொல்லாதே; தொடங்கும்போதே ஓரத்தில் 'யா ≠ 3' என்று எழுதிவைக்கச் சொல்.

பேரன் மலையாளத்தில் படிக்கிறானே, பகுதியை அங்கே 'சேதம்' என்பார்கள், தொகுதியை 'அம்சம்' என்பார்கள். சேதம் பூஜ்யம் ஆனால் சேதாரம்தான் என்று அவனிடம் சொல். அம்மா ஊர்ப் பாஷையும் அப்பா ஊர்ப் பாஷையும் சேர்ந்தால்தான் சிரிப்பு வருகிற ஜோக் இது, அவனுக்குப் புரியும்.

வண்டுக் கணக்கைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். 72 என்று நான் சொன்னதை அவனிடம் சொல்லாதே. நாலரை என்று கொண்டுவந்தால் திட்டாமல் எனக்கு போன் போடச் சொல். நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் தயார். அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் பாலருவி எக்ஸ்பிரஸில் கோட்டயம் வருகிறார், கொடுத்துவிடுகிறேன். மாப்பிள்ளையிடம் உப்பு கம்மி என்று முன்னாலேயே சொல்லிவை.

இன்னொன்று. நேற்று உங்கம்மா பரணைக் குடைந்து உன் பழைய விடைத்தாள் கட்டை எடுத்துக் கொடுத்தாள். அந்தத் தாளும் இருக்கிறது. சிவப்பு மை வெளிறிவிட்டது. மதிப்பெண்ணைத் திருத்தவில்லை, 2 இப்போதும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. வட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் மட்டும் எழுதினேன்: "√(யா + 7) = 5 − யா என்ற கணக்குக்கு இது சரி."

உன்,
அப்பா