மேனேஜரை மாற்றினால் பேஸ் ஏற முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க பேஸ்பால் அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2024 சீசனில் 121 ஆட்டங்களில் தோற்று, 1962இல் 120 தோல்வி கண்ட நியூயார்க் மெட்ஸையும் மிஞ்சிவிட்டது. கேட்டால் ஒருவர் மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரைத் திட்டுகிறார், இன்னொருவர் கெட்ட நேரம் என்கிறார். கணக்கு இரண்டுக்கும் இடம் தரவில்லை.

பேஸ்பாலில் ஒரு சூத்திரம் உண்டு. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்ததும் எதிரணிக்குக் கொடுத்ததுமான இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அணி எவ்வளவு ஜெயித்திருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய தெரியும். ஒயிட் சாக்ஸ் எடுத்தது 507, கொடுத்தது 813. போட்டுப் பாருங்கள், 162 ஆட்டத்துக்கு 45 வெற்றி வரும். கிடைத்தது 41. கெட்ட நேரம் தின்றது நாலே ஆட்டம்.

மேனேஜர் விஷயமும் அப்படித்தான். 21 தொடர் தோல்விகளுக்குப் பிறகு ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் ஜெயித்தார்கள். இரண்டே நாளில் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை அனுப்பினார்கள். அதுவரை 28 வெற்றி, 89 தோல்வி. அடுத்து வந்த கிரேடி சைஸ்மோரிடம் 13 வெற்றி, 32 தோல்வி. நாலில் ஒன்றுக்குச் சற்றுக் கீழே இருந்தது சற்று மேலே போயிற்று, அவ்வளவுதான்.

கோளாறு மட்டையில். அணியின் ஆன் பேஸ் விகிதம், அதாவது மட்டை பிடிக்க வந்தவர்களில் அவுட் ஆகாமல் பேஸ் என்னும் ஓட்ட நிலையத்தை எட்டியவர்களின் பங்கு, 0.278. நூறு பேர் ஆட வந்தால் 72 பேர் அவுட்! 0.330 வைத்திருக்கும் நல்ல அணியைவிட நூற்றுக்கு ஐந்து பேர்தானே குறைவு என்று தோன்றும். ஆனால் பேஸ்பாலில் ரன் தொடராக வருகிறது. மூன்று பேர் அடுத்தடுத்து பேஸ் ஏற வேண்டுமென்றால் அந்த விகிதத்தை மூன்று முறை பெருக்க வேண்டும். 0.330 அணிக்கு நூற்றுக்கு மூன்றரை வாய்ப்பு, ஒயிட் சாக்ஸுக்கு இரண்டுதான். அதனால்தான் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுத்தாலும் பேஸில் ஆளில்லாமல் ஒற்றை ரன்னோடு நின்றது. அகலப் போகும் பந்தை விட்டு வாக் (நாலு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) வாங்கும் பொறுமையை வீரர் தேர்விலேயே பார்க்க வேண்டும். அணி உட்காரும் டக்அவுட்டில் மேனேஜரை மாற்றினால் அது வராது.

பந்துவீச்சில் ஒரே ஆறுதல் காரெட் க்ரோஷே: 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக் அவுட். ஆனால் முந்தைய ஆண்டு 13 இன்னிங்ஸ்கூட வீசாத கை அது. பாதுகாக்கத்தான் வேண்டும். 32 ஆட்டத்தைத் தொடங்கியவர் சராசரியாக நாலரை இன்னிங்ஸோடு இறங்கினார். மீதி நாலரையும் புல்பென், அதாவது மாற்றுப் பந்துவீச்சாளர்கள் தலையில். அந்த புல்பென்னிலிருந்து மைக்கேல் கோபெக்கை ஜூலை மாதம் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தாயிற்று. டிசம்பரில் க்ரோஷேவையும் பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டு நான்கு இளைஞர்களை வாங்கினார்கள்.

தோற்றாலும் புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளைப் பிடிக்கலாமே என்பார்கள். அதுவும் இல்லை. ஒயிட் சாக்ஸ் போல வருவாய்ப் பகிர்வுக்குப் பணம் கட்டும் அணி, அடுத்தடுத்த ஆண்டுகளில் லாட்டரி இடம் (குலுக்கலில் கிடைக்கும் முன்வரிசை இடம்) பெற விதி இடம் தராது. 2024இல் ஐந்தாவது இடம் கிடைத்துவிட்டதால், இத்தனை தோல்விக்குப் பிறகும் 2025இல் பத்தாவது இடம்தான்.

2025 சீசனுக்குப் புது மேனேஜராக வில் வெனபிள் வந்தார். இனி வரும் சீசன்களில் வெற்றி, தோல்விப் பட்டியலுக்குப் பக்கத்தில் அணிகளின் ஆன் பேஸ் விகிதத்தையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒயிட் சாக்ஸ் 0.310ஐ எட்டுகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒயிட் சாக்ஸ் ரசிகர் ஒருவர்