13-ஐ அழிக்காதீர்கள்: முனைய நூலகங்களை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ரூட்டர், ஸ்விட்ச் போன்ற வலைப்பின்னல் சாதனங்களோடு, தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் டெல்நெட், எஸ்எஸ்எச் என்ற நெறிமுறைகள் வழியாகப் பேசும் நிரல் நூலகங்களை எழுதிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். தலைப்பிலுள்ள 13, ‘வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு’ என்னும் கட்டுப்பாட்டு எழுத்தின் ஆஸ்கி எண். அதோடு இணைந்து வரும் 10, ‘அடுத்த வரிக்குப் போ’ என்னும் எழுத்தின் எண். உங்கள் நூலகங்களை நம்பி வேலை செய்கிறவன் நான். ஒவ்வோர் இரவும் சாதனங்களின் அமைவை (கான்ஃபிகரேஷன்) எடுத்து, முந்தைய நாளின் படியோடு ஒப்பிட்டு, மாற்றம் இருந்தால் எச்சரிக்கும் நிரல் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. பக்கத்து அறையில் இருந்த சாதனங்களிடம் அது பிசகியதே இல்லை. தொலைவில் இருந்தவற்றிடமோ, யாரும் தொடாத அமைவு மாறிவிட்டதாகச் சில இரவுகளில் எச்சரித்தது. சில இரவுகளில் பேசாமல் இருந்தது. இரண்டு படிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நடுவில் எங்கோ ஒரு வெற்று வரி முளைத்திருக்கும். மறுநாள் அது வேறோர் இடத்தில் இருக்கும்.

மூன்று வாரம் வலைப்பின்னலைச் சந்தேகித்தேன், சாதனங்களைச் சந்தேகித்தேன். குற்றம் நூலகத்தின் இரண்டே வரிகளில் இருந்தது. ஒரு முறை வாசிக்கும்போது வந்த துண்டில் 13, 10 என்று அடுத்தடுத்து வரும் இணையை 10 ஆக மாற்று. மிச்சமிருக்கும் தனி 13-ஐயும் 10 ஆக மாற்று. அவ்வளவுதான். டெல்நெட்டையும் எஸ்எஸ்எச்சையும் சுமக்கும் டிசிபி நெறிமுறை கொண்டுவருவது பைட்டுகளின் ஓட்டம். வரி என்ற ஒன்றை அது அறியாது. ஒரு துண்டின் கடைசி பைட்டாக 13-உம் அடுத்த துண்டின் முதல் பைட்டாக 10-உம் வந்துவிட்டால், ஒரு வரிமுடிவு இரண்டாகப் பெருகிவிடுகிறது. உங்கள் சோதனைகளில் இது தென்படாததில் வியப்பில்லை. அங்கே பதில் முழுவதும் ஒரே துண்டாக வந்து விழுகிறது.

வேறு சில நூலகங்கள் 13 என்று கண்டதையெல்லாம் குப்பையாக எண்ணித் துடைத்துவிடுகின்றன. அது இன்னும் மோசம். 13 ஒரு கட்டளை. வினாடிக்கு 10 எழுத்துகள் அடித்த பழைய தொலைத்தட்டச்சு இயந்திரமான மாடல் 33 டெலிடைப்பில், 13 வந்தால் அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்பும். 10 வந்தால் தாள் ஒரு வரி மேலேறும். தலை திரும்பி வர ஓர் எழுத்தின் நேரம் போதாது. அதனால்தான் 13 முதலிலும் 10 அடுத்தும் அனுப்பப்பட்டன. அவை இரண்டு வேறு அசைவுகள். இன்றைய முனையத்திலும் அப்படியே. ஒரு சாதனம் வேலையின் முன்னேற்றத்தை 10%, 20% என்று ஒரே வரியில் மாற்றி மாற்றிக் காட்டுவது தனி 13-ஆல்தான். பக்கம் நிரம்பியதும் வரும் ‘மோர்’ என்ற கேள்வியை, நீங்கள் விசையைத் தட்டியவுடன் பல சாதனங்கள் 13-ஐ அனுப்பி, அந்தக் கேள்வியின் மேலேயே வெற்றிடங்களை எழுதி, மீண்டும் 13-ஐ அனுப்பி மறைக்கின்றன. 13-ஐத் துடைத்தால் அந்தக் கேள்வியும் வெற்றிடங்களும் அடுத்த வரியின் தலையில் ஒட்டிக்கொள்கின்றன. அதை நீக்க மேலும் ஓர் ஒட்டுத்துணி எழுதுகிறீர்கள்.

விதி தெளிவாகவே இருக்கிறது. 1983-இல் வெளியான டெல்நெட் வரையறை, ஆர்எஃப்சி 854, புதிய வரிக்கு 13, 10 என்றும், தலை திரும்புதல் மட்டும் வேண்டுமானால் 13, 0 என்றும் சொல்கிறது (0 என்பது எதையும் செய்யாத வெற்றெழுத்து). வேறெங்கும் 13 வரக்கூடாது. எஸ்எஸ்எச்சில் இந்த விதி இல்லை. அங்கே மறுமுனையில் போலி முனையம் (முனையம்போல நடந்துகொள்ளும் மென்பொருள்) ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தால், யூனிக்ஸ் சாதனத்தின் முனைய அடுக்கு ஒவ்வொரு 10-க்கும் முன்னால் ஒரு 13-ஐச் சேர்த்து அனுப்பும்; ஒதுக்கப்படாவிட்டால் 10 மட்டுமே வரும். சாதனத்தின் நிரல் தானாகவே 13, 10 என்று எழுதி, முனைய அடுக்கும் ஒன்றைச் சேர்த்தால் 13, 13, 10 வந்து நிற்கும். ஒரே கட்டளைக்கு மூன்று விதமான வரிமுடிவுகள்! சரம் தேடி மாற்றும் வழியில் இவை அனைத்தையும் பிடிக்க முயன்ற நிரல்களைப் படித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஓர் ஓட்டை இருந்தது.

ஆகவே கேட்கிறேன்: முனையம் செய்வதையே செய்யுங்கள். நடப்பு வரியை ஓர் எழுத்து வரிசையாகவும் சுட்டியின் (கர்சர்) இடத்தை ஓர் எண்ணாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 13 வந்தால் சுட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். 10 வந்தால் அந்த வரியை மேலே அனுப்பிவிட்டுப் புதிய வரியைத் தொடங்குங்கள். 0 வந்தால் விட்டுவிடுங்கள். எழுத்து வந்தால் சுட்டி நிற்கும் இடத்தில், பழையதன் மேலேயே எழுதுங்கள். அடுத்த பைட் என்ன என்று எங்கும் காத்திருக்க வேண்டியதில்லை. துண்டு எங்கே அறுந்தாலும் விளைவு ஒன்றுதான். 13, 13, 10 வந்தாலும் ஒரு வரிதான். காத்திருக்காமல் இருப்பது முக்கியம். 13-ஐக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்ததை எதிர்பார்க்கும் நூலகம், 13-இல் முடியும் தூண்டுகுறி (பிராம்ப்ட்) ஒன்று வந்தால் அப்படியே உறைந்துவிடும்.

கூடவே, எதையும் தொடாத மூல பைட்டுகளைப் பெறவும் ஒரு வழி வையுங்கள். டெல்நெட்டின் இருமப் பயன்முறையில் 13-க்குப் பின்வரும் 0-உம் தரவுதான். அதை விழுங்கினால் கோப்பு கெட்டுவிடும்.

அனுப்பும் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்எஸ்எச் முனையத்தில் என்டர் விசை அனுப்புவது 13 மட்டும். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று 10-ஐயும் சேர்த்து அனுப்பினால், மறுமுனை அதை இரண்டு என்டராக எடுத்துக்கொள்ளக்கூடும். சாதனத்தை மறுதொடக்கம் செய்யவா என்ற கேள்விக்கு அந்த இரண்டாவது என்டர் சம்மதம் சொல்லிவிடக்கூடும். இது வரி அழகைப் பற்றிய பேச்சல்ல. ஒரு வலைப்பின்னல் அணைந்துபோவதைப் பற்றியது.

அடுத்த வெளியீட்டுக்கு முன் ஒரே ஒரு சோதனையைச் சேருங்கள். உண்மையான சாதனம் ஒன்றின் பதிலைப் பதிவு செய்து, முதலில் முழுவதையும் ஒரே மூச்சில் ஊட்டுங்கள். பிறகு அதையே ஒவ்வொரு பைட்டாக ஊட்டுங்கள். இரண்டு விடைகளிலும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் அந்த வெளியீட்டை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூலகங்களைத் தினமும் பயன்படுத்தும் ஒரு வலைப்பின்னல் பொறியாளர்