ஒழுங்கையை விற்காதீர்கள்: எங்கள் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கவுன்சில் உறுப்பினர்களுக்கும் சொத்துப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நம் மூர் நிலத்தை, அதாவது மரமில்லாத அந்த மேட்டுப் புதர்நிலத்தை, நீங்கள் விற்பது பற்றி ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே தானியங்கிப் பதில். உங்கள் துண்டுப்பிரசுரங்களின் கடைசிப் பக்கத்தில் ‘இந்தத் தகவல் உங்கள் மொழியில் வேண்டுமானால் கேளுங்கள்’ என்று தமிழிலும் ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி இந்த முறை என் மொழியிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்ப்புச் செலவுக்கு முன்கூட்டியே மன்னிப்பு.

விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும். விற்பனைப் புத்தகத்தை அச்சடித்ததே நீங்கள்தான். மேலே ஹீதர் புதரும் பீட் சேறுமாகக் கிடக்கும் மூர் முதல் பங்கு. கீழே உள்ள மேய்ச்சல் வயல்கள், அவற்றின் நடுவே ஏறிப்போகும் சிறு பாதையான ஒழுங்கை, அதன் முகப்பில் ஏழு கார் நிற்கக்கூடிய அந்தச் சின்ன இடம், இதெல்லாம் இரண்டாம் பங்கு. தனித்தனியாகவும் வாங்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். நான் எழுத வந்தது அந்த இரண்டாம் பங்கைப் பற்றித்தான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 74 வயது, ஒரு முழங்கால் மாற்றியாயிற்று. அந்த ஒழுங்கையில் மெல்ல மெல்ல ஏறினால் அரை மணி நேரத்தில் மூரின் விளிம்பில் ஒரு மரவாங்கு வரும். அதற்கு மேல் அவர் போவதில்லை. அங்கே இருந்துகொண்டு கோடையில் கைக்கெட்டிய பில்பெரிப் பழங்களைப் பிடுங்கித் தின்பார். நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு நீலமாகிவிடும். இங்கிலாந்தில் அவருக்குப் பிடித்த இடங்கள் இரண்டு, மற்றது மீன்கடை.

அன்று படலையில் புதுப் பூட்டு. கார் நிற்கும் இடத்துக்குக் குறுக்கே மூன்று பாறாங்கற்கள். விற்பனை முடியும்வரை மூடியிருக்கும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதம். மெயின் ரோட்டில் நிறுத்த இடமில்லை, நடைபாதையும் இல்லை. எமர்ஜென்சி லைட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். லாரிகள் போகும்போதெல்லாம் கார் ஆடியது. அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“இது ஆற்றை காணி?”

“கவுன்சிலின்ரை. விக்கப் போயினம் அம்மா.”

“சரி, விக்கட்டும். உறுதியிலை வழிவாய்க்கால் போட்டுத்தானே விப்பினம்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டு பரப்புக் காணி கைமாறினாலும் உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் என்கிற பாதை உரிமையும் எழுதாமல் விடமாட்டார்கள். நொத்தாரிசு மறந்தாலும் பக்கத்துக் காணிக்காரர் மறக்கவிடமாட்டார். பத்தாம் வகுப்புத் தாண்டாத என் அம்மாவுக்குத் தோன்றியது, இத்தனை வழக்கறிஞர்களை வைத்திருக்கும் உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

பொதுக்கூட்டத்தில் உங்கள் அதிகாரி சொன்ன பதில் நினைவிருக்கிறது. யார் வாங்கினாலும் மூரில் நடக்கும் உரிமை போகாது, 2000ஆம் ஆண்டு நாட்டுப்புற, வழியுரிமைச் சட்டம் இருக்கிறது என்றார். சரிதான். வாங்குபவர் கிரவுஸ் பறவை சுடுகிறவரானால் ஆண்டில் 28 நாள் வரை மூடி வைக்கலாம், ஐந்து ஆண்டு வரை நாய்களைத் தடுக்கலாம், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த உரிமை மூருக்கு மட்டும்தான். கீழே உள்ள வயலுக்கும் ஒழுங்கைக்கும் இல்லை. மேலே நடக்க உரிமை உண்டு, மேலே போக வழி இல்லை. நாங்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்க வேண்டும் என்பது கவுன்சிலின் எண்ணமானால் அதற்கும் ஒரு நிறுத்துமிடம் காட்டிவிடுங்கள்.

படலையில் ஆணியடித்திருக்கும் அந்தப் பச்சைத் தகட்டையும் சொல்ல வேண்டும். ‘நில உரிமையாளரின் அனுமதியுடன் பயன்படுத்தும் பாதை’ என்று எழுதியிருக்கும். நல்ல மனிதர்கள், அனுமதி தந்திருக்கிறார்களே என்று இத்தனை காலம் அதற்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு கடந்தேன். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தைப் படித்த பிறகுதான் விளங்கியது. ஒரு வழியை மக்கள் 20 ஆண்டுகள் தடையில்லாமல், யாரிடமும் கேட்காமல் உரிமையோடு பயன்படுத்தினால் அது பொதுவழியாகிவிடலாம். அனுமதியோடு நடந்தால் எத்தனை ஆண்டு நடந்தாலும் கணக்கில் சேராது. அந்தத் தகடு உபசாரம் இல்லை, பூட்டு. அப்போதே போட்டுவிட்டீர்கள், எங்களுக்குத்தான் கண்ணில் படவில்லை.

இந்தப் பகுதிக்கு இது புதிதல்ல என்பதும் நீங்கள் அறிந்ததே. 1896இல் போல்டனில் விண்டர் ஹில் மூருக்கு ஏறும் கோல்பிட் ரோட்டை நிலக்காரர் அடைத்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தாயிரம் பேர் அளவில் திரண்டு படலையைத் தாண்டிப் போனார்கள். சண்டை மலைக்காக இல்லை, மலைக்குப் போகும் ஒரு ரோட்டுக்காக. வழக்கில் நிலக்காரர்தான் வென்றார். 1932இல் கிண்டர் ஸ்கௌட் என்ற மூர் மேட்டில், நடக்கும் உரிமை கேட்டு அத்துமீறி நடந்தவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுச் சுவரில் இந்தக் கதையெல்லாம் பெருமையாகப் பெரிய படங்களோடு தொங்குகிறது. நூலகம் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறது என்பதால் நீங்கள் பார்க்காமல் விட்டிருக்கலாம். தோட்டக்குப்பைத் தொட்டிக்குத் தனிக் காசு, இடுகாட்டில் கார் நிறுத்தக் காசு... சரி, அது வேறு கடிதம்.

கையில் காசில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். விற்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஸ்காட்லாந்தின் லாங்ஹோமில் சிற்றூர் மக்கள் பணம் திரட்டி 2021இல் 38 லட்சம் பவுண் கொடுத்து 5,200 ஏக்கர் மூரை வாங்கினார்கள். நம் ஊரில் ஒரு கேக் விற்பனைக்கே ஆறு கூட்டம் நடக்கிறது. அந்த ஆசை எனக்கில்லை. கிடைக்கும் மிக நல்ல விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்றும் சொன்னீர்கள். ஊரின் நன்மைக்காக 20 லட்சம் பவுண் வரை குறைத்து விற்க 2003இலிருந்தே பொது அனுமதி இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை? ஓர் ஒழுங்கையை விலக்கி வைத்தால் விலை எவ்வளவு குறைந்துவிடும்?

ஆகவே கேட்பது இதுதான். கார் நிற்கும் இடத்தை இரண்டாம் பங்கிலிருந்து எடுத்துக் கவுன்சில் கையிலேயே வைத்திருங்கள். ஒழுங்கையை, சொந்தக்காரராக நீங்கள் இருக்கும்போதே, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி மக்கள் நடப்பதற்கு எழுதி வையுங்கள். ஒருமுறை எழுதினால் திரும்பப் பெற முடியாது, பின்னால் வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும். அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள். வழியை எழுதாமல் மட்டும் விற்காதீர்கள்.

விற்பனை அறிவித்தலை நீங்கள் முறைப்படி இரண்டு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டது உண்மைதான், பாவித்த சோபா விளம்பரத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவில். இந்த மடலை அதற்கான என் ஆட்சேபமாக எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்கிறேன்.

ஜூலையில் பில்பெரி பழுக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன் அந்த மூன்று கற்களையாவது தள்ளி வைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கவுன்சில் வரியைப் பத்துத் தவணையிலும் தவறாமல் கட்டும் ஒருவன்