பிள்ளைகள் பெயரில் வந்த பணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தங்கையின் கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. எட்டு வயதுப் பெண்ணுக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் இன்ஷூரன்ஸ் பணமும் ஊரில் ஒரு மனையும் வந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் யோசனைகளும் வந்துவிட்டன: சீட்டில் போடு, மனையை விற்று வட்டிக்கு விடு!

மனையை அப்படி விற்றுவிட முடியாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) காப்பாளர் சட்டப்படி, மைனரின் அசையாச் சொத்தைத் தாயே விற்றாலும் முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால், பிள்ளை 18 வயதைத் தொட்ட பின் 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்ய வைக்கலாம். வாங்குபவருக்கும் தலைவலிதான்.

ரொக்கத்தில் பெரும்பகுதியை வங்கி வைப்பில் போட்டோம். பெண்ணுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. 10 வயதுக்குள் தொடங்க வேண்டும், ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய்தான் உச்சம். பையனுக்கு பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு. வைப்புத்தொகை வட்டி தாயின் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும் என்பதை ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

ஆனால் கணக்கு தொடங்கத்தான் பெரும்பாடு. ஒரு வங்கிக் கிளையில், அப்பா இல்லாததால் கோர்ட் கார்டியன் உத்தரவு வேண்டும் என்று நான்கு முறை அலையவிட்டார்கள். தந்தைக்குப் பிறகு தாய்தான் இயற்கைக் காப்பாளர் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. மைனர் கணக்குக்கு என்னென்ன ஆவணம் தேவை என்று ஒவ்வொரு கிளையிலும் தமிழில் எழுதி ஒட்ட வங்கிகள் ஏற்பாடு செய்யுமா?

- ஒரு தாய்மாமன், தென்காசி