ஆண்டறிக்கை 2024: சீனக்குடா விபத்துப் பதிவேடும் பிற அலுவல்களும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்பாடுகளை யாப்பின்படி சபையின் முன் வைக்கிறேன். தைப்பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல் நடந்தது. மாணவர் கட்டுரைப் போட்டி நடத்திப் பரிசுகளும் வழங்கினோம். வாசிகசாலைக்குப் புத்தக அலுமாரி ஒன்று கிடைத்தது. நிர்வாக சபை மாதந்தோறும் கூட்டப்பட்டது. சில மாதங்களில் ஆள் போதாமல் கூட்டம் பின்போடப்பட்டது.

இனி, சென்ற பொதுக்கூட்டத்தில் என் பொறுப்பில் விடப்பட்ட இரண்டாம் உலகப் போர்க்கால விமான விபத்துப் பதிவேடு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். “செயலாளர் வெள்ளைக்காரனுடைய சேமக்காலையைச் சுற்றித் திரிகிறார், சங்க வேலை கிடப்பில் கிடக்கிறது” என்று ஒரு பேச்சு இருப்பதை அறிவேன். முகத்துக்கு நேரே கேட்டவர்களுக்கு அப்போதே பதில் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

திருகோணமலையில் போர் என்றால் எல்லோரும் சொல்வது 1942 ஏப்ரல் 9. ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியது, எண்ணெய்க் குதத்தில் ஒரு விமானம் வந்து விழுந்து எரிந்தது, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கியது எல்லாம் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த அளவில் இன்னொரு தாக்குதல் இந்த ஊரில் நடக்கவில்லை. ஆனால் நிலாவெளி வீதியில், உப்புவெளிப் போர்ச் சேமக்காலைக்குள் போய்க் கற்களை வாசித்துப் பாருங்கள். 1944, 1945 என்று தேதி போட்ட கற்கள் வருகின்றன. வயது 20, 21, 22. கடற்படையினரின் கல்லில் மேலே நங்கூரம், கீழே பதவி, பெயர், தேதி, வயது. சிலவற்றில் குடும்பத்தார் எழுதுவித்த ஒரு வரி. எப்படி இறந்தார் என்று எந்தக் கல்லிலும் இல்லை; அது எழுதுகிற வழக்கமே கிடையாது. எல்லோரையும் ஜப்பான்காரன் கொன்றான் என்றே நம் ஆட்களும் வெளியூர்க்காரருக்குச் சொல்லி வருகிறார்கள். அது உண்மையில்லை. காய்ச்சலில் போனவர்களும் இருப்பார்கள், கடலில் போனவர்களும் இருப்பார்கள். ஆனால் எதிரியே இல்லாத வானத்தில், பயிற்சிப் பறப்பிலும் விமானத்தை இடம் மாற்றும் பறப்பிலும் செத்தவர்களைப் பற்றித்தான் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ரிச்சர்ட் கோர்க் என்ற அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1940இல் பிரித்தானிய வான் போரில் டக்ளஸ் பேடரின் 242ஆம் அணியில் பறந்தவர். 1942 ஆகஸ்டில் மால்டாவுக்குப் போன கப்பல் தொடரைக் காத்தபோது ஒரே நாளில் ஐந்து விமானங்களை வீழ்த்தியவர் என்று பெயர் பெற்றவர். அப்படிப்பட்ட மனிதர், 1944 ஏப்ரல் 14 அன்று, எமது சீனக்குடா விமானத்தளத்தில், தம் தரப்பு விமானம் ஒன்றுடன் மோதி இறந்தார். இரண்டுமே கோர்செயர் என்ற, ஒருவர் ஓட்டும் போர் விமானம். மற்ற விமானியும் தப்பவில்லை. கோர்க்குக்கு வயது 27. சரியாக ஐந்தாம் நாள், அவருடைய இலஸ்ட்ரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள் சுமத்ராவுக்கு அப்பாலுள்ள சபாங்கைத் தாக்கின. அந்தப் படையின் கோர்செயர் பிரிவை நடத்திப் போக வேண்டியவர் அதற்குள் உப்புவெளி மண்ணுக்குள் போய்விட்டார்.

இத்தனை தேர்ந்தவருக்கே இந்தக் கதி என்றால், பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்த இருபது வயதுப் பையன்களை நினைத்துப் பாருங்கள். கோர்செயரின் மூக்கு மிக நீளம். தரையில் நிற்கும்போது விமானிக்கு நேர் முன்னே என்ன இருக்கிறது என்று தெரியாது. இறங்கும்போதும் நேரே வந்தால் ஓடுபாதை மறைந்துவிடும்; வளைந்து திரும்பிக்கொண்டே வந்துதான் இறங்க வேண்டும். கப்பலின் கீழ்த்தளத்தில் உயரம் போதாது என்று ஒவ்வொரு இறக்கை நுனியிலும் 8 அங்குலம் குறைத்துத்தான் பிரித்தானியக் கடற்படை அதை ஏற்றியது. இதோடு இங்குள்ள வெக்கை, திடீரென்று எழும்பும் மழை முகில், எப்படியும் முடித்தாக வேண்டும் என்ற போர் அவசரம்.

இடம் மாற்றும் பறப்பும் லேசானதில்லை. கப்பலில் கொச்சிக்கு வந்த விமானங்களை அங்கே பூட்டி ஆயத்தப்படுத்தினார்கள். பழுதானவற்றைத் திருத்தக் கோயம்புத்தூரில் கடற்படையின் பட்டறை இருந்தது. அங்கிருந்தெல்லாம் பிறகு ஒருவர் ஓட்டித்தான் தளங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். புதிதாகப் பூட்டிய விமானத்தின் குறை பறக்கும்போதுதான் தெரியவரும். 1944 கடைசியில் இந்தியாவில் மொஸ்கிற்றோ விமானங்களின் மர இறக்கை பறப்பிலேயே பிய்ந்து ஆட்கள் இறந்ததால், ஒட்டிய பசையையும் கட்டுமானத்தையும் சோதிக்கும் வரை அவற்றை நிலத்தில் நிறுத்திவைத்தார்கள்.

ஜூலை மாதக் கூட்டத்தில் இவற்றை உலக அளவில் வைத்துப் பேசினேன். வந்திருந்தவர்கள் குறைவு என்பதால் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். பிரித்தானிய விமானப்படையில் பயிற்சி விபத்தில் மட்டும் 5,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்காவில், குண்டு விழாத சொந்த மண்ணிலேயே, இராணுவ விமான விபத்துகளில் சுமார் 15,000 பேர். தொழிற்சாலையிலிருந்து தளத்துக்கு விமானம் ஓட்டிக் கொடுத்த பிரித்தானியத் துணைப் போக்குவரத்துப் பிரிவினர் வானொலிகூட இல்லாமல், நிலத்தைப் பார்த்தே வழி பிடித்துப் பறந்தார்கள். தனியாக அவுஸ்திரேலியா வரை பறந்து புகழ் பெற்ற ஏமி ஜோன்சன் 1941 ஜனவரி 5இல் அப்படி ஒரு விமானத்தைக் கொண்டுபோகையில்தான் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து மாண்டார். எமது நாட்டோடு தொடர்புள்ள ஒன்றும் உண்டு. கண்டியிலிருந்த தென்கிழக்கு ஆசியக் கட்டளைக்கு விமானப்படைத் தலைவராகப் பொறுப்பேற்க வந்துகொண்டிருந்த லீ மலோரி, 1944 நவம்பர் 14இல் மனைவியோடு பிரான்ஸ் மலையில் மோதி இறந்தார். காலநிலை மோசமாயிருந்தும் புறப்படச் சொன்னவர் அவரே. விமானத்திலிருந்த பத்துப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில்தான் சிதைவைக் கண்டுபிடித்தார்கள்.

இனிப் பதிவேட்டு வேலைக்கு வருகிறேன். ஒரு பெரிய சி.ஆர். கொப்பி. பெயர், பதவி, பிரிவு, தேதி, வயது, காரணம் என்று நிரல்கள். முதல் ஐந்தும் கல்லிலேயே பெரும்பாலும் கிடைக்கும். ஆறாவதைத்தான் தேட வேண்டும். ஒரே தேதியில் மூன்று விமானப் பிரிவினர் கிடந்தால் அவெஞ்சர் அல்லது பரகூடாவாக இருக்கலாம். அவற்றில் மூன்று பேர் போவார்கள். தனி ஆள் என்றால் கோர்செயராக இருக்கலாம். அதற்கு மேலும் ஒரே தேதி நீண்டால் கற்றலீனா போன்ற பெரிய விமானம். இது ஊகம்தான், முடிவில்லை. படைப் பதிவுகளோடு ஒத்துப் பார்த்த பிறகே காரண நிரலில் மையால் எழுதுகிறோம், அதுவரை பென்சில். எமது மூத்த அங்கத்தவர் ஒருவரின் தகப்பனார் சீனக்குடாத் தளத்தில் கூலி வேலை செய்தவர். விமானம் விழுந்த நாட்களில் வேலைக்காரரை வாசலிலேயே மறித்து வைத்துவிடுவார்கள், புகையைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வோம் என்று அவர் சொல்லியிருக்கிறாராம். அந்த வாக்குமூலத்தையும் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

நமக்கே இவ்வளவு இழப்பு இருக்க அந்நியனுக்கு ஏன் பதிவேடு என்ற கேள்வி நியாயமானது. நமது இழப்புகளை எழுதுவதற்கு நான் ஒருநாளும் தடை சொன்னதில்லை. யார் முன்வந்தாலும் அடுத்த கொப்பியை நானே வாங்கித் தருவேன். ஆனால் சீனக்குடாவில் விழுந்தது சீனக்குடாவின் வரலாறு. அது பழங்கதையுமில்லை. அந்தத் தளத்தில் இன்றும் பிள்ளைகள் பறக்கப் பழகுகிறார்கள். 2023 ஆகஸ்ட் 7இல் அங்கே பயிற்சி விமானம் விழுந்து இருவர் இறந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

2024 ஏப்ரல் 14, கோர்க் இறந்த 80ஆவது ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை. சேமக்காலையில் மலர் வைத்து, கற்களைப் படியெடுப்பதாக ஒரு மாதத்துக்கு முன்பே கடிதம் மூலமும் வாட்ஸ்அப் மூலமும் அறிவித்தேன். “கட்டாயம் வருகிறேன்” என்று எழுதியவர்கள் பலர். வந்தவர்கள் உப தலைவர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், இரண்டு உயர்தர மாணவர்கள். வருடப் பிறப்புக்கு மறுநாள் என்பது உண்மை, கைவிசேஷம் வாங்கப் போக வேண்டியதும் உண்மை. ஆனால் காலை ஏழு மணிக்கு ஒரு மணித்தியாலம் கேட்டேன், அவ்வளவுதான். அந்த இரண்டு மாணவர்களும் வெயில் ஏறும் வரை நின்று, பாசி படர்ந்த கல்லில் ஈரத் துணி வைத்து ஒற்றி எழுத்து எழுத்தாக வாசித்துச் சொன்னார்கள். அவர்கள் இன்னும் சங்க அங்கத்தவர்களும் இல்லை.

பதிவுகள் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. தளத்துக்குள் போக அனுமதி கேட்டதும் நிலுவையில் இருக்கிறது.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறையச் சரி; கையில் சிறு தொகை மிச்சம். பதிவேட்டுக்கான போட்டோ பிரதி, போக்குவரத்துச் செலவுகளில் பெரும் பகுதி சங்கப் பணத்திலிருந்து எடுக்கப்படவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். சந்தா நிலைமை கவலைக்குரியது. அங்கத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. சிலருக்கு மூன்று ஆண்டு நிலுவை. தொகை பெரிதல்ல. யாப்பின்படி நிலுவையுள்ளோருக்கு வாக்குரிமை இல்லை என்பதை இன்றைய தெரிவுக்கு முன் நினைவூட்டுகிறேன். வெளிநாட்டிலிருந்து உதவுவதாகச் சொன்ன அன்பர்களின் வாக்கையும் நம்பியிருக்கிறோம்.

தலைவர், உப தலைவர், பொருளாளர், மண்டபம் தந்த பாடசாலைச் சமூகம், சேமக்காலையைச் சுத்தமாகப் பராமரிக்கும் ஊழியர்கள், தேநீர் உபசாரம் செய்த அங்கத்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பதிவேட்டை முடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் சிறு நூலாக்கி, நூலகத்தில் ஒரு பிரதியும் பாடசாலைகளுக்கு ஒவ்வொரு பிரதியும் வைக்க விரும்புகிறேன். அதற்கு ஆங்கில ஆவணம் வாசிக்கக்கூடிய இருவர், கணினியில் ஏற்ற ஒருவர், அச்சுச் செலவில் பங்கெடுக்கச் சிலர் தேவை. செயலாளர் பதவியை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பதிவேட்டு வேலை அவரோடு தொடர வேண்டும் என்பது ஒன்றே என் கோரிக்கை. எவரும் முன்வராவிட்டால் இன்னும் ஓராண்டு இருக்க ஆயத்தமாக இருக்கிறேன். கொப்பி இங்கே மேசையில் இருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் கடைசிப் பக்கத்தில் எழுதலாம், சந்தா கட்டுவோர் பக்கத்திலிருக்கும் பொருளாளரிடம் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறலாம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இவ்வண்ணம்,
செயலாளர்
திருகோணமலை