திருப்பிக் கொடுத்த பொருள் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வாங்கிய எலக்ட்ரானிக் சாமானைத் திருப்பிக் கொடுத்தால், கடைக்காரர் அதை மறுபடி அலமாரியில் வைத்து விற்றுவிடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒன்பது வருடமாக ரிட்டர்ன் சாமான்களைப் பிரித்துப் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சீல் உடையாத பெட்டிக்குத்தான் அந்த யோகம். கிழிந்துவிட்டால் அதன் தலையெழுத்தே வேறு.

முதலில் பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரும் சாமானில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்போம். புதுப் பெட்டிக்குள் பழைய மோடத்தை வைத்து அனுப்புகிற புண்ணியவான்களும் உண்டு. அப்புறம் ஓடவிட்டுப் பார்த்து, ஏ, பி, சி என்று தரம் பிரிப்போம். குறையில்லாத ஏ 'ஓப்பன் பாக்ஸ்' (பிரித்த பெட்டி) என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்பனைக்குப் போகும். கீறல் விழுந்த பி துடைத்துச் சரிசெய்யப்பட்டு 'ரீஃபர்பிஷ்டு' ஆகும். சி உதிரி பாகத்துக்கு.

வருவதில் நிறைய சாமான்களில் பழுதே இருப்பதில்லை. போன மாதம் ஒரு ஹெட்போன். 'இடது பக்கம் கேட்கவில்லை' என்று சீட்டில் எழுதியிருந்தது. அரை மணி நேரம் மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது. அவருடைய போன் செட்டிங்கில் ஆடியோ பேலன்ஸ் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் அந்த அரை மணி நேரக் கூலி லாபத்தைத் தின்றுவிட்டது. அதனால்தான் மலிவான சாமான்களை யாரும் சோதிப்பதே இல்லை. மொத்தமாகக் கட்டி, பிளாஸ்டிக் சுற்றி, ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே எது ஓடும், எது ஓடாது என்று எடுக்கிறவருக்கும் தெரியாது.

இதில் சீட்டையும் நம்ப முடியாது. 'மனசு மாறிவிட்டது' என்று டிக் செய்தால் கூரியர் செலவு வாங்கியவர் தலையில். 'பழுது' என்றால் இலவசம். பல கடைகளில் இதுதான் நடைமுறை. யார் உண்மையை எழுதுவார்? இல்லாத பழுதைத் தேடி நாங்கள் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம்.

ரொம்ப வயிறெரிந்தது ஒரு டேப்லெட்டுக்காக. ஸ்கிரீன் மேல் ஒட்டிய ஃபிலிம்கூட உரிக்கவில்லை. ஆனால் வாங்கியவர் தன் அக்கவுண்டிலிருந்து வெளியே வராமல் அனுப்பிவிட்டார். ரீசெட் செய்தாலும் அவர் பாஸ்வேர்டையே கேட்டது. திருடனுக்குப் போட்ட பூட்டு எங்களையும் வாசலில் நிறுத்திவிட்டது. கடையிலிருந்து இரண்டு மெயில் போனது, பதில் இல்லை. கடைசியில் ஸ்கிரீனைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் கழிவில் போட்டேன். 2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதில் என் கையால் போட்டதும் இருக்கிறது.

விற்காத சாமானை அழிக்கக் கூடாது என்று பிரான்ஸ் 2020-ல் சட்டம் போட்டது. நல்லதுதான். ஆனால் பூட்டிக் கிடக்கும் டேப்லெட்டைச் சட்டம் திறக்காது. பணத்தைத் திருப்பிக் கொடுத்த அத்தாட்சியைக் கடை காட்டினால், தயாரித்த கம்பெனியே பூட்டை எடுத்துவிட வேண்டும். 'பிடிக்கவில்லை' என்று உள்ளதை எழுதியவரிடம் கடைகள் அபராதம் போலக் கூரியர் காசு பிடிக்கவும் கூடாது.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்பும் முன் அக்கவுண்டிலிருந்து வெளியே வந்துவிட்டு, எல்லாவற்றையும் பெட்டிக்குள் போடுங்கள். சிம் தட்டைத் திறக்கும் அந்தச் சின்ன ஊசியையும்தான்.

இப்படிக்கு,
ரிட்டர்ன் மேசையிலிருந்து ஒரு வாசகர்